இலியர் அரசனின் நூறு வீரர்: முதுமையும் முடிவுரிமையும்

மூப்பு என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. ஆண்டு முதிர்தலை அது குறிக்கும்; முதிர்ச்சியால் எய்தும் தலைமையையும் குறிக்கும். ஊர்த்தலைவனை மூப்பன் எனவும், அவையில் முன்னிற்போரை மூத்தோர் எனவும் வழங்கும் வழக்கில் இவ்விரு பொருளும் ஒன்றித்து நிற்றலைக் காணலாம். ஆயின், வாழ்வில் இவை என்றும் ஒன்றித்து நிற்பதில்லை. உடல் முதிர முதிரத் தலைமை நழுவுகிறது. ஒரு நாள் முதியவரின் சொல் அவர் இல்லத்திலேயே செல்லாததாகிறது. அந்நாள் வந்துவிட்டது என்று உறுதி செய்தற்கு உரியவர் யார்? முதியவர் தாமா, மக்களா, மருத்துவரா, மன்றமா? 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய மக்களுள் நூற்றுக்கு 8.6 பேரும், தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 10.4 பேரும் அறுபது வயதை எட்டியவர் அல்லது கடந்தவர். அத்தொகை மேன்மேலும் பெருகிவரும் இந்நாளில் இவ்வினா சட்ட நூலார்க்கு மட்டும் உரியதாகாது. இலக்கியம் கற்போர்க்கும் உரியதாகும்.

இவ்வினாவை உலக இலக்கியத்துள் மிகக் கூர்மையாக எழுப்பிய நூல் சேக்சுபியரின் 'இலியர் அரசன்' என்னும் நாடகம் ஆகும். 1606 டிசம்பர் 26ஆம் நாள் முதலாம் சேம்சு மன்னன் அவையில் நடிக்கப்பெற்று, 1608இல் அச்சேறிய இந்நாடகத்தை, நன்றி கொன்ற மக்களின் கதையாகவே பலரும் கற்றும் கற்பித்தும் வருகின்றோம். 1904இல் வெளிவந்த தம் பெருநூலில் பிராட்லி, இலியர் துன்பத்தால் தூய்மை எய்தும் வகையை விரித்துரைத்தார். இவ்விரு நோக்கும் பொருந்துவனவே. எனினும், நாடகத்தின் வினைநிகழ்ச்சி முழுவதும் ஒரு சொத்துரிமை மாற்றத்தையும், அம்மாற்றத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்ட உரிமை ஒன்றையும் பற்றி நிற்கிறது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வுரிமை எத்தகையது, அதனைப் பறித்தவர் கூறிய காரணம் யாது, இற்றைநாள் சட்டம் அதனைக் காக்க வல்லதா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடையும் கட்டுப்பாடும்

முதற்காட்சியில் இலியர் தன் நாட்டைப் பங்கிடுகிறான். அன்பை அளந்து கூறுக என்று மகளிர் மூவரையும் கேட்கிறான்; இளையவள் கார்டீலியா அங்ஙனம் அளந்து கூற மறுத்தமையால் அவள் பங்கும் மூத்தவர் இருவர்க்கும் போகிறது. இவை யாவரும் அறிந்தவை. ஈண்டு நோக்கத்தக்கது அவன் எதைக் கொடுத்தான், எதை வைத்துக்கொண்டான் என்பதே. ஆணை செலுத்தும் உரிமையும், நாட்டு வருவாயும், நிறைவேற்றும் அதிகாரமும் மருமக்கட்கு உரியன என்று அவன் தெளிவாகக் கூறுகிறான். தனக்கென அவன் வைத்துக்கொண்டவை மூன்று: அரசன் என்னும் பெயரும் அதற்குரிய சிறப்பும், மருமக்கள் செலவில் பேணப்பெறும் நூறு வீரர், ஒவ்வொரு மகள் இல்லத்திலும் திங்கள் ஒன்றாக மாறி மாறித் தங்கும் உரிமை. நம் ஊர்களில் தான செட்டில்மெண்டு எழுதுவோர், தம் ஆயுட்காலம் வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையை ஒதுக்கி எழுதுதல் போன்றதே இது. கட்டுப்பாடு பேரவையில் பலரறியச் சொல்லப்பட்டது. பெற்றுக்கொண்டோர் அதனை மறுத்திலர்.

காட்சி முடியுமுன்னரே மூத்தவர் இருவரும் தனித்து நின்று பேசுகின்றனர். தந்தையின் மாறுபட்ட மனநிலைக்கு முதுமையே காரணம் என்கிறாள் ஒருத்தி. அவன் தன்னைத்தான் என்றுமே நன்கு அறிந்தவன் அல்லன் என்கிறாள் மற்றவள். ஒன்றுபட்டு ஏதேனும் செய்தல் வேண்டும் என்று இருவரும் முடிவு செய்கின்றனர். கொடை பெற்ற சூடு ஆறுமுன் கொடுத்தவனின் அறிவு ஐயத்துக்குள்ளாகிறது. ஒரு நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது. அவன் அறிவு குன்றியவன் என்பது உண்மையாயின், அவன் அளித்த கொடையும் செல்லாததாதல் வேண்டும். மகளிரோ கொடையை வைத்துக்கொண்டு கொடையாளனை மட்டும் ஐயுறுகின்றனர். தமக்கு நலந்தரும் முடிவைச் செய்தபோது தெளிவுடையவனாக இருந்த தந்தை, தமக்குச் செலவு தரும் உரிமையைக் கேட்கும்போது மூப்பால் மயங்கியவன் ஆகின்றான்.

தேவை என்னும் அளவுகோல்

இரு வாரம் கழியுமுன் வீரருள் ஐம்பதின்மரைக் கோனெரில் குறைத்துவிடுகிறாள். அவளை வைதுவிட்டு ரீகனிடம் செல்கிறான் இலியர். ரீகனோ இருபத்தைவர்க்கு மேல் இடமில்லை என்கிறாள். ஐம்பது இருபத்தைந்தின் இரட்டி. ஆகவே கோனெரிலின் அன்பும் இரட்டி என்று கணக்கிட்டு அவள்பால் திரும்புகிறான் முதியவன். முதற்காட்சியில் அன்பைச் சொல்லால் அளந்த பிழையை ஈண்டு எண்ணால் அளந்து மீண்டும் செய்கிறான். பின்னர்ப் பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று கேட்கிறாள் கோனெரில். ஒருவன்தான் எதற்கு என்று முடிக்கிறாள் ரீகன்.

இவ்விடத்து மகளிர் கூறும் காரணங்கள் கேட்டற்கு நயமானவை. எம் இல்லத்தில் ஏவலர் இருமடங்கு உளர், அவர் உமக்குப் பணி செய்வர் என்கின்றனர். ஒரே வீட்டில் இரண்டு ஆணை செல்லாது என்கின்றனர். நீர் முதியவர், உம் நிலையை உம்மினும் நன்கறிந்தோர் சொற்படி நடத்தலே தக்கது என்கின்றனர். சினமின்றிச் சொல்லப்படும் இச்சொற்கள் வீட்டுச் செலவையும் ஒழுங்கையும் கருதியனவாகவே தோன்றும். எனினும் இவற்றின் முடிவு யாது? இலியர்க்குப் பணி செய்வோர் இருப்பர். அவன் ஏவலைக் கேட்போர் இரார். மகளின் ஏவலர் அவனுக்கு உணவு கொணர்வர். மகள் சொல்லும்போது கொணர்வர்.

இவ்வேறுபாட்டை உணர்தற்கு நம் புறநானூறு துணை செய்யும். ஆண்டு பலவாகியும் நரையின்றி இருத்தல் எங்ஙனம் என்று வினவிய சான்றோர்க்குப் பிசிராந்தையார் விடை கூறுமிடத்து, மனைவி மக்களின் மாண்பை அடுத்துத் தம் ஏவலரைக் குறிப்பிடுகிறார். அவர் சிறப்பு யாது? தாம் கருதியதையே அவரும் கருதுதல். ஏவலர் பலராக உள்ளனர் என்றோ, நன்கு ஊட்டுகின்றனர் என்றோ புலவர் கூறவில்லை. தம் கருத்து வேறொருவர் வழியாகவும் நிறைவேறுதலையே முதுமை அணுகாமைக்குரிய காரணங்களுள் ஒன்றாக அவர் வைத்தார். இலியரின் நூறு வீரர் இக்கருத்தின் கண்கூடான வடிவம். அவர் குறையுந்தோறும் அவன் கருத்துக்குக் கைகால் குறைகின்றன.

தேவை என்ன என்று கேட்ட மகளிர்க்கு இலியர் கூறும் மறுமொழியின் சாரம் இது: தேவையைக் கொண்டு அளப்பின், வறியோர் சிலவற்றையும் மிகையென்று பறிக்கலாம், உயிர் வாழத் தேவையானதை மட்டும் தருவதாயின், மாந்தன் வாழ்வும் விலங்கின் வாழ்வும் ஒருவிலையே பெறும். நாடகத்தின் நடுவுயிர் இம்மறுமொழியே என்பது என் துணிபு.

காப்பாளர் என்னும் பெயரில்

கிளாஸ்டர் என்னும் குறுநில மன்னனின் கிளைக்கதை இதே வினாவைச் சட்டத்தின் சொற்களாலேயே எழுப்புகிறது. எட்மண்ட் தன் உடன்பிறந்தானாகிய எட்கரின் பெயரால் பொய்க் கடிதம் புனைகிறான். மகன் நிறைபருவம் எய்தித் தந்தை தளர்வுறும்போது, தந்தை மகனின் காப்புக்கு உட்பட்டவனாதல் வேண்டும், மகனே வருவாயை ஆளுதல் வேண்டும் என்பது எட்கரின் கொள்கை என்று தந்தையிடம் கூறுகிறான். கேட்ட கிளாஸ்டர் கொதித்தெழுகிறான். அக்கொள்கையை மூத்த மகன்மேல் ஏற்றிச் சொன்ன இளையவனே பின்னர் அதனைச் செயலாக்குகிறான். தந்தையைக் காட்டிக்கொடுத்து அவன் பட்டத்தைப் பெறுகிறான். இலியர்க்கு இரங்க முற்பட்ட கிளாஸ்டரிடமிருந்து அவன் வீட்டின் பயன்பாட்டையே விருந்தினராக வந்தோர் பறித்துக்கொள்கின்றனர். கண்ணைப் பறிக்குமுன் வீட்டைப் பறித்தனர் என்னும் வரன்முறை கருதத்தக்கது.

இஃது ஆசிரியரின் கற்பனை மட்டும் அன்று. மனம் தளர்ந்தோரின் உடைமையை முடியின் பெயரால் காக்கும் முறை இங்கிலாந்தில் அக்காலத்தே இருந்தது. 1603இல் பிரையன் ஆனெசுலி என்னும் முதியவர் தம் உடைமையை ஆளும் தகுதியற்றவர் எனச் சான்று பெற அவர் மூத்த மகள் கிரேசும் அவள் கணவரும் முயன்றனர். இளைய மகள், பெயரும் கார்டெல் என்பது, அமைச்சர் இராபர்ட்டு செசிலுக்கு மடல் விடுத்து அதனைத் தடுத்தாள். அரசிக்கு நெடுங்காலம் தொண்டு செய்த தந்தைக்கு இறுதிநாளில் பித்தர் என்னும் பெயர் சூட்டுதல் தகாது என்று வேண்டினாள். 1604இல் ஆனெசுலி இறந்தார். பெரும்பகுதியைக் கார்டெலுக்கு அளித்த அவர் உயில் எதிர்க்கப்பட்டும் நிலைத்தது. இவ்வழக்கே நாடகத்திற்கு வித்தாயிற்று என ஆய்வாளர் சிலர் கருதுவர். அங்ஙனம் துணிதற்கு நேர்ச்சான்று இல்லை. இலியர் கதை அதற்கு முன்னரும் வழங்கியதே. எனினும், நாடகத்தை முதலிற் கண்டோர்க்கு மூத்தோரின் உடைமையும் அறிவும் வழக்குமன்ற வினாக்களாக இருந்தமைக்கு இது போதிய சான்றாகும்.

ஒரு மறுப்பு

ஈண்டு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. இலியர் உண்மையிலேயே தகுதி குன்றியவன் அல்லனோ? சொல்லை நம்பி நாட்டைத் துண்டாக்கினான். உண்மை பேசிய மகளைத் துரத்தினான். இடித்துரைத்த கென்ட்டை நாடு கடத்தினான். வீரர்கள் ஒழுங்கற்றவர் என்னும் கோனெரிலின் குறையும் பொய்யென்று தள்ளற்பாலதன்று. 1962இல் பீட்டர் புரூக்கு இயக்கி, பால் சுகோஃபீல்டு நடித்த அரங்கேற்றத்தில், வீரர் உணவுக்கூடத்தைக் கலைத்து ஆர்ப்பரிக்கக் கண்டோர், கோனெரிலின் பக்கமும் நியாயம் உண்டென உணர்ந்தனர்.

இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் அது வினாவை மாற்றிவிடுகிறது. இலியர் அறிவார்ந்த முடிவு செய்தானா என்பது ஒரு வினா. முடிவு செய்யும் உரிமை அவனுக்கு உண்டா என்பது வேறொரு வினா. இளைஞன் ஒருவன் தவறான வாணிகத்தில் பொருளை இழப்பின் அவனை அறிவிலி என்று ஏசுவோம்; அவன் கையெழுத்திடும் உரிமையைப் பறியோம். முதியவர் அதே தவற்றைச் செய்யின் உரிமையையே பறிக்க முற்படுகின்றோம். மேலும், குறை கூறும் கோனெரில் அக்குறை ஏற்கப்படின் பயன் பெறுபவள், கிரேசும் அத்தகையளே. பயன் பெறுவோரே தகுதியை அளப்போராதல் எங்ஙனம் முறையாகும்? உண்மைக் குறைபாடு உள்ளவிடத்தும் அதனை உறுதி செய்பவர் அதனால் ஊதியம் பெறாதவராக இருத்தல் வேண்டும் என்பதே நாடகம் நமக்குக் காட்டும் நெறி.

சட்டத்தின் முன் இலியர்

இனி, இலியர் நம் நாட்டுத் தீர்ப்பாயத்தின் முன் நின்றால் என்னாகும் என்று பார்ப்போம். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அறுபது வயது நிரம்பிய குடிமக்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் அமையும் தீர்ப்பாயம், மக்கள் தரவேண்டிய பராமரிப்புத் தொகையை ஆணையிடலாம். 23ஆம் பிரிவு சொத்து மாற்றம் பற்றியது. அடிப்படை வசதிகளும் உடலுக்குத் தேவையானவையும் தருதல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் முதியவர் ஒருவர் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் அவற்றைத் தரத் தவறின், அம்மாற்றம் ஏமாற்று, வற்புறுத்தல், தகாத செல்வாக்கு ஆகியவற்றால் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். முதியவர் விரும்பின் தீர்ப்பாயம் அதனைச் செல்லாதென அறிவிக்கலாம். கட்டுப்பாடு இருந்தமை மெய்ப்பிக்கப்படுதல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்த்தது. 2025 சனவரித் திங்களில் அந்நீதிமன்றமே, இச்சட்டம் முதியோர் நலம் கருதியது ஆதலின் நெகிழ்வுடன் பொருள் கொள்ளப்படுதல் வேண்டும் எனக் கூறி, தாய் ஒருவர் எழுதிய தானத்தை நீக்கியது. ஆவணத்தில் எழுதப்படாவிடினும் அன்பும் அரவணைப்புமே உட்கிடைக் கட்டுப்பாடாகும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டில் கருதியது. இவை பெரிதும் வரவேற்கத்தக்கன. எத்துணையோ முதியோர்க்கு வீடு மீண்டது இப்பிரிவால்தான்.

ஆயினும், இலியரின் வழக்கு இப்பிரிவுக்குள் எளிதில் அடங்குமா? வழக்குரைஞர் ஒருவர் மகளிர் சார்பில் எழுந்து நிற்கின்றார் எனக் கொள்வோம். என் கட்சிக்காரர் உணவை மறுத்தனரா? உறைவிடத்தை மறுத்தனரா? வீரர் ஒருவரும் இன்றித் தனித்து வரின் ஏற்பேன் என்றே ரீகன் கூறினாள். புயலுள் புகுந்தவன் அவனே என்று அவர் வாதிடுவார். நூறு வீரர் அடிப்படை வசதியா என்றும் வினவுவார். அவ்வினா ரீகன் முன்னரே கேட்ட வினாவாகும். சட்டம் எடுத்துக்கொண்ட அளவுகோலும் அம்மகளிர் எடுத்துக்கொண்ட அளவுகோலும் ஒன்றே, அது தேவை. பராமரிப்பு என்பதனை உணவு, உடை, உறையுள், மருத்துவம் எனச் சட்டம் விளக்குகிறது. இவற்றை மறுத்த மக்களைச் சட்டம் பிடிக்கும். இவற்றைத் தந்துகொண்டே வங்கிப் புத்தகத்தையும் ஓய்வூதிய அட்டையையும் தம்மிடம் வைத்துக்கொண்டு, தந்தையின் கையெழுத்தை மட்டும் வேண்டும்போது வாங்கிக்கொள்ளும் மக்களை இவ்வளவுகோல் காணாது. அவ்வீட்டு முதியவர் பசித்திரார். பேரனுக்கு நூறு உரூபா கொடுத்தற்கும், கோயில் விழாவுக்குத் தம் ஊர் செல்லுதற்கும் அவர் மகனிடம் இசைவு கேட்டு நிற்பார். அவர் இழந்தது நூறு வீரரே.

மீட்சி எனப்படுவது

இழந்த சொத்தை மீட்டுத் தருதலே நீதி என்னும் கருத்து இலக்கியத்திலும் நெடுநாள் நிலைத்தது. சேக்சுபியர்க்கு மூலமாக அமைந்து 1605இல் அச்சான பழைய நாடகத்தில் மன்னன் அரியணை மீள்கிறான். 1681இல் நேகம் டேட்டு சேக்சுபியரின் நாடகத்தை மாற்றி எழுதியபோது, இலியர்க்கு நாட்டையும் கார்டீலியாவுக்கு உயிரையும் மீட்டுக் கொடுத்தார். நூற்றைம்பது ஆண்டளவு ஆங்கில மேடையை ஆண்டது அத்திருத்தமே. 1838இல் மக்ரெடி மூலநாடகத்தை அரங்குக்கு மீட்டார்.

சேக்சுபியர் இத்தீர்வை அறியாதவர் அல்லர். இறுதிக் காட்சியில் அல்பனி, முதிய மன்னன் உயிருள்ளளவும் முழு அதிகாரத்தையும் அவனிடமே ஒப்படைப்பதாக அறிவிக்கிறான். 23ஆம் பிரிவின் தீர்ப்பை ஒத்தது அவ்வறிவிப்பு. கேட்க வேண்டியவனோ இறந்த மகளைக் கையில் ஏந்தி நிற்கிறான்; சிறிது போழ்தில் அவனும் இறக்கிறான். சொத்தை மீட்கும் தீர்ப்பு நன்றே. அது காலம் கடந்து வருவது. கொடுத்தபின் ஏமாந்தவர்க்கு அது மருந்து. கொடுக்குமுன்னும் கொடாதிருக்கும்போதும் சொல் செல்லாதாருக்கு வேறு மருந்து வேண்டும்.

கென்ட்டும் கார்டீலியாவும்

அம்மருந்தையும் நாடகமே சுட்டுகிறது. இலியரின் முடிவு தவறு என்று கண்ட கென்ட், அதனை அவன் முகத்துக்கு நேரே கூறினான், ஒறுக்கப்பட்டான். பின்னர் மாற்றுருவில் மீண்டு வந்து அவனுக்கே பணி செய்தான். தலைவனின் முடிவை எதிர்த்து வாதிட்டானேயன்றி, அவனுக்கு மாற்றாகத் தான் முடிவு செய்ய முற்பட்டிலன். தன் மக்கள்மேல் போருக்கு எழுந்த கோப்பெருஞ்சோழனுக்குப் புல்லாற்றூர் எயிற்றியனார் அறிவுறுத்திய முறையும் இத்தகையதே. நீ வென்றபின் நாட்டை யார்க்கு விடுவாய் என்று புலவர் வினவினார். முடிவைச் சோழனுக்கே விட்டார். அவன் போரொழிந்து வடக்கிருந்தது அவன் முடிவு.

கார்டீலியா இதனினும் ஒரு படி மேற்செல்கிறாள். நாலாம் அங்கத்தில் பித்துத் தெளிந்து எழும் தந்தையை அரசனுக்குரிய மதிப்புச் சொற்களாலேயே விளிக்கிறாள். மண்டியிட முயலும் அவனைத் தடுத்துத் தானே வாழ்த்து வேண்டுகிறாள். தான் எண்பதைக் கடந்தவன், தன் மனம் செவ்வையாக இல்லை என அஞ்சுவதாக இலியர் தானே கூறுகிறான். முன்பு மகளிர் அவன்மேல் சுமத்திய சொல்லை ஈண்டு அவனே தன்னைப் பற்றி, தன் வாயால் கூறுகிறான். தான் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியவில்லை. உடுத்த உடை தெரியவில்லை. இரவு தங்கிய இடம் நினைவில்லை. ஆயினும் மகளை அறிந்துகொள்கிறான். ஒன்றில் குன்றிய அறிவு மற்றொன்றில் குன்றாதிருத்தல் கூடும் என்பதை இதனினும் விளக்கமாகக் காட்டிய இலக்கியத்தை யான் அறியேன். காட்சியின் முடிவில் அவனை அழைத்துச் செல்லுமுன், உலாவ விருப்பமா என்று அவள் கேட்கிறாள். நாட்டை இழந்து, நினைவையும் பாதி இழந்த முதியவனிடம் அவன் விருப்பத்தைக் கேட்டவள் அவள் ஒருத்தியே.

சட்டம் இவ்விடத்தை மெல்ல அணுகி வருகிறது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், மெய்ப்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் முடிவு செய்யும் திறனுடையவரே எனக் கொள்கிறது. அறிவுக்குப் பொருந்தா முடிவு செய்தமை ஒன்றே திறனின்மைக்குச் சான்றாகாது என்கிறது. வயதை மட்டும் காட்டித் திறனை மறுத்தலையும் விலக்குகிறது. ரீகனின் வாதம் அவள் நாட்டிலேயே நானூறு ஆண்டுகட்குப் பின் சட்டத்தால் மறுக்கப்பட்டது எனலாம். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், துணைநிற்பவர்க்கும் துணை பெறுபவர்க்கும் பணத்திலோ சொத்திலோ நலமுரண் எழின், துணைநிற்பவர் அச்செயலினின்று விலகுதல் வேண்டும் என விதித்துள்ளது. காப்பாளர் அமர்த்தப்படினும் இருவரும் கூடி முடிவு செய்தலே முறை என்றும் கூறுகிறது. முதியோர்க்கென அமைந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்நெறிகள் இடம்பெறவில்லை. மாற்றுத்திறனாளிக்கு முடிவுரிமையைத் தந்த சட்டநெறி, மூத்தோர்க்கு உணவையும் உறையுளையும் தந்த அளவில் நின்றுவிட்டது.

ஆதலின், மூத்தோர் சட்டம் திருத்தப்படுங்கால் இரண்டு செய்திகள் அதனுட் புகுதல் வேண்டும். வயது ஒன்றே திறனின்மைக்குச் சான்றாகாது என்பது முதலாவது. முதியவர் பொருளால் பயன் பெறுவோர் அவர் திறனை அளப்போராதல் கூடாது என்பது இரண்டாவது. இவ்விரண்டும் வரின், மூப்பு என்னும் சொல் இழந்த இரண்டாம் பொருள் சட்டத்திலேனும் மீளும். ஊட்டுவோரைத் தேடித்தருதல் சட்டத்தின் முதற்கடன். உலாவ விருப்பமா என்று கேட்போரை முதியவர் அருகில் நிறுத்துதல் அதன் அடுத்த கடன்.